சுவர் மேய்ந்தவன்

தோமையார்துறையில் வீட்டுச் சுவர்களுக்கு உயிர் திரும்பியது கடலில் மீன் அற்றுப்போன வருஷத்தில் என்பதால், அதைப் பார்த்து அதிசயப்பட்டவர்கள் குறைவு, வயிற்றுக்கு ஒரு வழி பிறந்தது என்று நினைத்தவர்களே அதிகம். கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்ற பழைய தெருவில் எல்லா வீடும் முருகைக்கல் வீடு. அதாவது, எதிரே தெரியும் தீவுகளைச் சுற்றித் தண்ணீருக்கடியில் வளர்ந்திருந்த பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரையில் கொட்டி, அதிலிருந்த உயிரெல்லாம் வெயிலில் செத்து நாற்றம் அடங்கும்வரை காயப்போட்டு, பிறகு அடுக்கி, அதே கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பூசிய வீடு. அப்படிப் பெயர்ப்பதற்குத் தடை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர்த்தவர்களில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவன் கஸ்பார்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலை, கடுங்காப்பித் தம்ளரோடு அவன் சுவரில் சாய்ந்தபோது முதுகு நனைந்தது. மழை இல்லை, குழாய் உடையவும் வாய்ப்பில்லை, அந்தத் தெருவுக்குக் குழாயே கிடையாது. விரலால் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது.

"சலேத், இங்க வா. சுவரு வேர்த்திருக்கு."

"உமக்கும்தான் வேர்க்குது. அதையும் நான் வந்து பாக்கணுமாக்கும்?" என்றாள் அவன் மனைவி அடுப்படியிலிருந்து.

முதலில் வந்தது ஈரம், ஈரத்தின் மேல் வழுவழுப்பு, வழுவழுப்பைத் தின்ன ஊசிமுனை அளவில் பூச்சிகள். பிறகு பழைய சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காகத் தானே உதிர்ந்து உள்ளிருந்த கல் தெரிந்தது. தெரிந்த கல்லில் வெற்றிலைக்காவி நிறத்தில் ஒரு பக்கு படர்ந்தது. அந்தப் பக்கின் மேல் அரிசிமணி அளவில் பூக்கள் வாய் திறந்தன, மஞ்சளும் ஊதாவும் சந்தன நிறமுமாக, மூச்சுவிட்டால் மூடிக்கொண்டு, நகர்ந்தால் திறந்துகொண்டு. பூக்களின் நடுவே சின்ன இறால்கள் வந்தன, இறாலைத் தேடி நண்டு வந்தது, நண்டைத் தேடி எட்டுக்கால் பேய்க்கணவாய் வந்து பரணுக்கு அடியில் பொந்து பிடித்தது. கடைசியாக மீன்கள் வந்தன. சுவரிலிருந்து ஒரு முழ தூரத்துக்குக் காற்று கடலைப்போலக் கனத்திருந்தது, கையை விட்டால் குளிர்ந்தது, வெளியே எடுத்தால் கை காய்ந்திருந்தது, அந்த ஒரு முழத்துக்குள் விளமீனும் கலவாயும் துடுப்பை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் புதிதாக வந்த உறவுக்காரர்களைப்போலத் தயங்கித் தயங்கித் திரிந்தன.

தெரு அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. காலண்டர்களையும் திருஇருதயப் படங்களையும் சுவரிலிருந்து கழற்றி உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்தார்கள். மின்சார வாரியத்துக்காரர் வந்து பார்த்து, ஒயரையெல்லாம் கூரையோடு கொண்டுபோகச் சொல்லிவிட்டு, சலேத் கொடுத்த மீன்குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மீன்வளத் துறையிலிருந்து வந்த ஓர் இளைஞர், இது வீட்டில் சேருமா கடலில் சேருமா என்று மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனவர், போனவர்தான். பங்குச் சாமியார் ஒவ்வொரு வீட்டிலும் தீர்த்தம் தெளித்தார், நல்ல தண்ணீர் பட்டதும் பூக்கள் சுருங்குவதைக் கண்டு மறுநாள் கடல்நீரை மந்திரித்துத் தெளித்தார். தெருப் பூனைகள் எல்லாம் கொழுத்து, சோம்பிப்போய், எலியைக் கண்டால் எழுந்திருக்கவே இல்லை.

ஊர்க்கமிட்டி கூடி ஒரு சட்டம் போட்டது: சுவர் மீன் அடுப்புக்கு, ஏலத்துக்கு இல்லை. அன்றாடக் குழம்புக்கு வேண்டியதை எடுக்கலாம், விற்கக்கூடாது, விருந்து வைக்கக்கூடாது. எல்லாரும் அதற்கு உடனே ஒத்துக்கொண்டார்கள். பேராசை இல்லாதவர்கள் என்பதால் அல்ல. உடைத்து எடுத்த ஒன்று திரும்பி வந்து சோறு போடும்போது, போடுகிற கையை ஏறிட்டுப் பார்க்கச் சிலருக்குக் கூச்சமாக இருந்தது. கஸ்பாருக்கு அந்தக் கூச்சம் அதிகம். கலவாயின் கண் அவன் சாப்பிடும் திசையிலேயே இருப்பதாக அவனுக்குத் தோன்றும். தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

யாரும் கை வைக்காத மீன் ஒன்று உண்டென்றால் அது கிளிமீன். பச்சையும் நீலமுமாக, கிளிக்கு இருப்பதுபோன்ற அலகோடு, கூட்டமாக, காலையிலிருந்து பொழுது சாயும்வரை சுவர் சுவராக மேயும்; கல்லிடுக்கு வழியாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், தெரு முழுவதும் மேய்ந்து திரும்பும். கல்லில் முளைக்கும் பாசியை அது கறுக் கறுக்கென்று கடித்துத் தின்கிற சத்தம் பகலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும், கேட்டுக் கேட்டு யாருக்கும் கேட்காமல் போனது. தின்ற கல்லை வெள்ளை மணலாகக் கழிந்துவிட்டுப் போகும். அந்த மணலைப் பெண்கள் சாயங்காலம் கூட்டி அள்ளிப் பாத்திரம் துலக்க வைத்துக்கொண்டார்கள். சதை குழகுழவென்று இருக்கும், விலைபோகாத மீன், ஆகவே அதற்கென்று கமிட்டி தனியாக எதுவும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் தெருவிலுள்ள கிளிமீன் எல்லாம் கஸ்பாரின் வீட்டுக்குத்தான் வந்தன. அவன் பரணுக்கு மேல், சுவரிலேயே பெரிய கல் ஒன்று குடைவாக உட்கார்ந்திருந்தது. அந்தக் குடைவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் வாயிலிருந்து கோழையை இழைத்து, கண்ணாடிப் பைபோல உடம்பைச் சுற்றிக் கட்டி, அதற்குள் தூங்கும். இது அவன் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த காட்சி. அப்படித் தூங்குகிற கிளிமீனைச் செடியிலிருந்து கத்தரிக்காய் பறிப்பதுபோலக் கையாலேயே எடுக்கலாம் என்பது, முக்குளித்தவர்களில் அந்தத் தெருவில் மிஞ்சியிருந்த அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் மொனிக்காவின் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மொனிக்காவின் புருஷன் சந்தியாகுவும் கஸ்பாரும் ஒரே வள்ளத்தில் கல் பெயர்த்தவர்கள், ஒருவன் கீழே போனால் மற்றவன் கயிற்றைப் பிடித்திருப்பான். சந்தியாகு இறந்தபிறகு அவள் வெளியூர்க் கருவாடு வாங்கி விற்றுத் தனியாக இருந்தாள். சந்தியாகுவை அண்ணன் என்று அழைத்ததால் கஸ்பாருக்கு அவள் மைனி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பேசுவது மீன்களின் ஊடாகக் கொஞ்சம் குளறி வரும்.

"கொழுந்தனாரே, ஒம்ம பேய்க்கணவா இங்க வந்து எம் பொடிடப்பியத் தூக்கிட்டுப் போயிட்டு. ஒழுங்கா வாங்கித் தாரும்."

"அது எம்பேச்சக் கேக்குமா மைனி? சலேத்தே கேக்க மாட்டேங்கா."

ஆவணியில் கஸ்பாரின் மகள் ஜெனோவாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் டவுன்காரர்கள். சம்பந்தி நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர், நிச்சயத்தன்று சுவரைப் பார்த்துக் கைதட்டி, "வேற எதும் வேண்டாம் சம்பந்தி, கல்யாணத்துக்கு மறுநாள் எங்க ஆளுகளுக்கு இந்தச் சுவர் மீன்ல ஒரு சாப்பாடு போட்டுருங்க, எங்க போயிச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கானுவ" என்றார். சட்டத்தைச் சொல்லி மறுத்திருக்கலாம். சொல்ல வாய் எடுத்தபோது ஜெனோவா கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் பார்வையில் என்ன இருந்தது என்று பிற்பாடு அவன் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான். கெஞ்சலா, வெட்கமா, அல்லது ஒன்றுமே இல்லாமல் வெறுமனே பார்த்தாளா? ஒன்றுமே இல்லாத பார்வையைத் தனக்கு வசதியாக அவனே நிரப்பிக்கொண்டானா?

கலவாயையும் விளமீனையும் எடுத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். கிளிமீனை யார் கேட்கப்போகிறார்கள்? கல்யாணத்துக்கு மறுநாள், முதல் பூசை மணி அடிப்பதற்கு முன், அவன் பரணில் ஏறி, தூங்குகிற மீன்களைப் பையோடு பையாக எடுத்துச் சாக்கில் போட்டான். ஒன்றுகூடத் துள்ளவில்லை. கொஞ்சம் விட்டுவைப்போம் என்று நினைத்தான், பிறகு சம்பந்தி வீட்டாரில் கூடுதலாக நாலுபேர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தான். குடைவு காலியாயிற்று.

விருந்தில் எல்லாரும் விரலை நக்கினார்கள், குழம்பில் கரைந்திருந்தது என்ன மீன் என்று தெருக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. "என்ன மிருது, பஞ்சு மாதிரி" என்றார் சம்பந்தி.

முதலில் கவனித்தவள் சலேத். விளக்குமாற்றைப் பிடித்தபடி நடுவீட்டில் நின்று, "கூட்டுறதுக்கு மணலே இல்ல" என்றாள். கஸ்பார் அண்ணாந்து குடைவைப் பார்த்தான். தெருவெல்லாம் ஒரு சத்தம் நின்றுபோயிருப்பது இருவருக்கும் கேட்டது.

பிறகு பச்சை வந்தது. பூக்களுக்கு இடையில் தாடிமயிர்போல ஒரு பாசி, இன்றைக்கு நகக்கண் அளவு, நாளைக்கு உள்ளங்கை அளவு, அப்புறம் சுவர் அளவு. பாசிக்கு அடியில் பூக்கள் வாயை மூடின, மூடியவை திறக்கவில்லை. இறால் போயிற்று, நண்டு போயிற்று, விளமீன்கள் தலைகீழாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்லிடுக்குக்குள் புகுந்தவை மறுபுறம் வரவில்லை. பாசி உதிர்ந்த இடங்களில் கல் எலும்புபோல வெளுத்தது. ஒரு மத்தியானம் தெருவில் ஒரு நாற்றம் எழுந்தது, வயதானவர்கள் எல்லாரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள், முன்பு கரையில் கல் காயப்போட்ட காலத்து நாற்றம் அது என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இரும்புப் பிரஷால் பாசியைத் தேய்த்தவர்களுக்குப் பூவும் சேர்ந்து வந்தது. கத்தியால் சுரண்டியவர்களுக்குக் கல்லே பெயர்ந்தது. தேங்காய் நார் பாசியைக் கசக்கி அடுத்த இடத்துக்குப் பரப்பியது. இப்படிக் கை சோர்ந்தபோதுதான் தெரு காரணத்தைத் தேடியது, தேடியதும் கிடைத்தது. மொனிக்கா தன் புருஷனின் நினைவு நாளுக்கு, மெழுகுதிரி ஏற்றும் மாடத்தைச் சுற்றி ஒரு கை சுண்ணாம்பு பூசியிருந்தாள்.

கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார். கடுமையான மனிதர் அல்ல, பயந்துபோன மனிதர்.

"உயிருள்ள சுவருல சுண்ணாம்பு வைக்கலாமா? சுட்ட சாம்பலு அது. அந்த விஷத்துலதான் கிளியெல்லாம் ஓடிப்போச்சு, பச்சை தெருவெல்லாம் ஏறுது. அந்தச் சுவர எடுத்து கடல்ல போட்டுட்டா மத்ததாவது பிழைக்கும்."

"சுவர எடுத்தா எங்கூரை எதுல நிக்கும்?" என்றாள் மொனிக்கா. "ஒரு கை சுண்ணாம்புக்குத் தெருவே செத்துப்போவுமாக்கும்? அம்புட்டுப்பேரும் சுண்ணாம்பு பூசித்தானய்யா இந்தத் தெருவையே கட்டுனீங்க!"

"அது செத்த சுவரு மொனிக்கா. இது உயிருள்ள சுவரு."

"சாவடிச்சது யாராம்?"

அவள் கூட்டத்தில் கஸ்பாரைத் தேடிப் பிடித்தாள்.

"கொழுந்தனாரே, நீரு சொல்லும். ஒரே சுவருதானே. பச்சை மொதல்ல ஒம்ம பக்கம் பிடிச்சுதா, எம் பக்கம் பிடிச்சுதா?"

அவன் பக்கம்தான், பரணுக்கு மேலே, காலியான குடைவிலிருந்துதான் அது இறங்கியது. கஸ்பார் வேட்டியின் கரையைப் பார்த்தான்.

"நான் கவனிக்கல மைனி."

"சரி கஸ்பார்" என்றார் பெர்க்மான்ஸ். "ஒமக்கு நட்டம் வேண்டாம். ஒம்ம பக்கத்துக்கு ஊருச் செலவுல செங்கல் சுவர் வச்சித் தாறோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இடிச்சிருவோம்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவனிடம் சலேத் சோற்றை வைத்தாள். சாளைக் கருவாடு.

"செங்கல் சுவர் குடுக்காங்களாம்" என்றான்.

"கேட்டேன்."

"நான் போயிச் சொல்லிரட்டா?"

"சொல்லும். டவுன்ல சம்பந்தி காதுக்கும் போவும். கட்டிக்கிட்டுப்போன வீட்டுல எம்மவ, ஊருச் சுவரத் தின்னவன் மவளா இருந்துட்டுப் போட்டும்." சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு, "மசாலா அரைச்சி ஊத்துனவ நான்தான், அதையும் சேத்துச் சொல்லும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லாததால் அவனுக்கு இன்னும் சிரமமாக இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும் என்று கஸ்பார் ஏங்கினான். ஆனால் அவன் முக்குளித்தவன். வெடிபோட்டுக் கிளிமீன் செத்த இடங்களில் அடுத்த வருஷம் இதே பச்சைத் தாடி கல்லை மூடுவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எத்தனையோ முறை பார்த்தவன். பரணில் ஏறியபோது அது நினைவுக்கு வரவில்லை என்பது உண்மை. வரவில்லையா, வந்ததை வராதே என்று தள்ளினானா? அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டபடி இருந்தான், எந்தப் பக்கம் போட்டாலும் அது அவன் பக்கமே பார்த்தது.

சனிக்கிழமை உச்சிவேளையில் தெரு காலியாக இருந்தது. ஆண்கள் வலை தைக்கக் கரைக்கும், பெண்கள் கோயிலைக் கழுவவும் போயிருந்தார்கள். கஸ்பார் கதவைச் சாத்திவிட்டுச் சுவர் முன்னால் குந்தினான். விரலால் ஒரு இழைப் பாசியைப் பிடித்து இழுத்தான், அதன் அடியில் ஒட்டியிருந்த பூவும் பிய்ந்து வந்தது. நகத்தால் கிள்ளினான், பூ நசுங்கியது. இரும்புக்கும் கைக்கும் பெயர்க்கத்தான் தெரியும் என்று அவனுக்குப் பட்டது, ஆயுளெல்லாம் அவன் கைகள் இந்தக் கல்லிடம் அதை மட்டும்தான் செய்திருந்தன. நெற்றியைச் சுவரில் வைத்தான். கடல் குளிர்ச்சியில் மூச்சு முட்டியது, முக்குளிக்கிறவனாக மூச்சை அடக்கினான். பிறகு வாயைத் திறந்து, முன்பல்லால், பாசியின் தலையை மட்டும் மெதுவாகக் கடித்தான்.

பல்லுக்குத் தெரிந்தது. பாசி எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று பல்லுக்கும் நாக்கு நுனிக்கும் தெரிந்தது. ஒரு வாய் கடித்தான், உப்பும் கசப்புமாக இருந்தது, துப்பப் போனவன் துப்பாமல் விழுங்கினான். இன்னொரு வாய். கல்லின் பொடி பல்லில் நறநறத்தது. மூச்சு வாங்கத் தலையை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு, குடைவுக்குக் கீழிருந்து ஆரம்பித்து ஓரமாக, வரப்பு மேய்கிற மாடுபோல நகர்ந்தான். உதடு கிழிந்தது. மேய்ந்த இடத்தில், வெகுநேரம் கழித்து, சந்தன நிறத்தில் ஒரு பூ திறந்து மூடியது. அவன் அழுதானா என்று சொல்ல முடியாது, அந்த ஒரு முழத்துக்குள் எல்லாமே உப்புத்தான்.

கறுக் கறுக்கென்ற சத்தம் சுவருக்கு மறுபக்கம் போயிற்று. கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்த மொனிக்கா நிமிர்ந்தாள். சுவரில் காதை வைத்தாள். அப்புறம் தெருவில் ஓடினாள்.

"கிளி வந்துட்டு! எய்யா, ஓடி வாங்க, கிளி வந்துட்டு! கடிக்குது, கேக்குது! எஞ் சுவரு சாவல!"

கோயிலிலிருந்து ஈரச் சேலையோடு பெண்கள் வந்தார்கள், கரையிலிருந்து ஆண்கள் வந்தார்கள், பெர்க்மான்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். மொனிக்கா வீட்டில் நின்று எல்லாரும் கேட்டார்கள். சத்தம் உண்மை. அவள் பக்கத்தில் மீன் இல்லை. "அந்தப் பக்கம் மேயுது" என்றாள் மொனிக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. "வாங்க, கொழுந்தனார் வீட்டுல போயிப் பாப்போம்."

கூட்டம் வருவது கஸ்பாருக்குக் கேட்டது. எழுந்து முகத்தைக் கழுவ நேரம் இருந்தது. மீன் வந்தது, நானும் பார்த்தேன், போய்விட்டது என்று சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் கடப்பாரை எடுத்திருக்க மாட்டார்கள், மைனியின் வீடு நின்றிருக்கும், ஜெனோவாவின் காதுக்கு ஒன்றும் போயிருக்காது. அதை அவன் யோசித்தான். யோசித்தபடியே அடுத்த வாய் கடித்தான்.

கோயிலிலிருந்து வந்த சலேத்தான் கதவைத் திறந்துவிட்டாள்.

தாடியெல்லாம் பச்சையாக, உதட்டிலிருந்து ரத்தம் இறங்கி மார்பில் காய்ந்திருக்க, சுவரில் வாயை வைத்தபடி குந்தியிருந்த மனிதனைத் தெரு பார்த்தது. யாரோ ஒருத்தி "மாதாவே" என்றாள். பெர்க்மான்ஸின் கண்கள் பரணுக்கு மேலே கிளிமீனின் பச்சைச் செதில் மட்டும் ஒட்டி வெறுமையாக இருந்த குடைவுக்குப் போயின, அதிலிருந்து கல்யாண விருந்துக்குப் போயின, திரும்பிவந்து தன் காலடியைப் பார்த்தன, விருந்தில் அவரும் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

கஸ்பார் தலையை வெளியே எடுத்தான். வாயைத் துடைக்கவில்லை.

"நான்தான் மைனி" என்றான். "கிளி அம்புட்டையும் நான்தான் எடுத்தேன். எம் பக்கந்தான் மொதல்ல பிடிச்சுது."

மொனிக்காவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை, இறங்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவள் கிட்டே வந்து குனிந்து, அவன் மேய்ந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு பாய் அகலம்கூட இல்லை. அதில் அங்கங்கே, எண்ணிவிடக்கூடிய அளவில், பூக்கள் திறந்திருந்தன. மிச்சச் சுவரெல்லாம் பச்சை. தெருவெல்லாம் பச்சை. அவள் அவனை அடிப்பாள் என்று சிலர் நினைத்தார்கள், அடித்துவிட்டால் நல்லது என்று அவன் நினைத்தான்.

"ஒம்ம பக்கத்த நீரு மேயுறீரு" என்றாள். "எம் பக்கத்த யாரு மேயுறது?"

கஸ்பார் எழுந்தான். முட்டி பிடித்திருந்தது, யாரும் கை கொடுக்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட, வெயிலில் வாசல் இறங்கி, சந்தியாகு இறந்தபிறகு அவன் மிதிக்காத அடுத்த வீட்டு வாசலில் ஏறி, குனிந்து உள்ளே போனான். மொனிக்கா அவனுக்குப் பின்னாலேயே போய், மாடத்துக்குக் கீழே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.